நுரையீரலின் குருத்தணுக்கள்

கோவிட் காய்ச்சல் இறங்கிய பின்னும் சிலருக்குப் பல வாரம் மூச்சு வாங்கியதே, அது ஏன்?

பால்மரம் சீவுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையைச் சீவினால் மறுபட்டை வளரும். கத்தி ஆழமாகப் பாய்ந்து, கட்டையை ஒட்டியுள்ள மெல்லிய படையைக் காயப்படுத்திவிட்டால் மேடும் முடிச்சுமாகத்தான் வளரும். மண்டோர் ஏசுவதும் அதற்காகத்தானே!

நம் நுரையீரலில் 30 கோடிக்கு மேற்பட்ட காற்றறைகள் உண்டு. அவற்றின் சுவரில் இருவகை உயிரணுக்கள். தட்டையான முதல்வகை வழியே பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது. இரண்டாம் வகைக்கு வேலை இரண்டு. அறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி வழவழப்பான நீரைச் சுரக்கும். சுவர் பழுதானால் தானே பெருகி, முதல்வகையாக மாறி, ஓட்டையை அடைக்கும். ஆகவே இவை குருத்தணுக்கள்.

கோவிட் கிருமி இவற்றின் மேலுள்ள ஏஸ்-2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளிருந்தே தன்னைப் பெருக்குகிறது. வழவழப்பு நீர் குறைகிறது, அணுவும் மடிகிறது. வீட்டை இடித்தவன் கொத்தனாரையும் கொன்ற கதைதான். 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் மனித நுரையீரல் குருத்தணுக்களைச் சிறு உருண்டைகளாக வளர்த்து, கிருமியை விட்டு, இதை நேரில் கண்டார்கள். இன்ஃப்ளுவென்சா கிருமியும் இவ்வணுக்களைத் தாக்கக்கூடியதே.

தப்பிய குருத்தணுக்கள் மீண்டும் சுவர் கட்ட நாளாகும். சேதம் மிகுந்த இடத்தில் தழும்பு விழும்; அதன் வழியே பிராணவாயு எளிதில் இரத்தத்துக்குச் செல்லாது. காய்ச்சல் விட்ட பாட்டி நாலு படி ஏறித் திணறினால், சோம்பல் என்று ஏசாமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். உதடு நீலம் பாரித்தால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.