புழுக்கத்தில் நெடுந்தூர ஓட்டம்



2019 செப்டம்பர் 27. கத்தார் நாட்டின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி. பெண்கள் மாரத்தானை வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கும் மேல். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர். ஓடி முடித்தவர்கள் 40 பேர்தான்.

வெயிலே இல்லாத ராத்திரியில் ஏன் இப்படி? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாமல் வழிந்தோடிவிடும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

திண்டுக்கல் சமவெளியில் சித்திரை வெயிலுக்கு நாம் எல்லோரும் பயப்படுகிறோம். கோடை மழை பெய்து ஓய்ந்த பிறகு வரும் புழுக்கத்திலும் அதே கவனம் வேண்டும்.

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் விடியும் முன்பே கிளம்புங்கள். வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் குடியுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம்.

கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அவரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அதை நிறுத்த வேண்டாம்.