விருப்பப் பட்டியலின் வரிசை

பொறியியல் பயில விழைவோர் பலர் என்னிடம் வினவுவதுண்டு: “ஐயா, கிண்டிப் பொறியியற் கல்லூரியை முதலில் எழுதினால், வேறு கல்லூரியில் கிடைக்கக்கூடிய இடமும் கைநழுவிப் போகாதா?” இவ்வச்சத்தால், தாம் பெரிதும் விரும்பிய கல்லூரியின் பெயரையே எழுதாது விட்ட சிற்றூர்ப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

அவ்வச்சம் வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைக்கின்றனர். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியே நடைபெறுகின்றது. உங்கள் முறை வரும்பொழுது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாக நோக்கும். முதலில் எந்த விருப்பத்திற்கு இடம் உள்ளதோ, அதனையே அளிக்கும். கிண்டியில் இடம் இல்லையேல் இரண்டாவது விருப்பத்தைப் பார்க்கும். அதனை நீங்கள் முதலாவதாக எழுதவில்லை என்பதற்காக, தரவரிசையில் உங்களுக்குப் பின் நிற்பவருக்கு அவ்விடம் போய்விடாது.

ஆதலின், ஆசையை மேலே எழுதுவதால் இழப்பில்லை. பட்டியலைக் குறுக்குவதால்தான் இழப்பு உண்டு. கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததே ஒரு விருப்பம். எத்தனை விருப்பங்களையும் குறிக்கலாம். சென்ற ஆண்டு ஒவ்வோர் இடமும் எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்பதைப் பாருங்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கும் கீழே முடிந்தவற்றுள் சிலவற்றையேனும் தவறாது சேருங்கள். கட்டணமும் விடுதிச் செலவும் தாங்குமா என்பதைப் பெற்றோருடன் அமர்ந்து ஆராயுங்கள். சேர இயலாத கல்லூரியை எழுதாதீர்கள்.

வரிசை உங்கள் விருப்பத்தைக் காட்டட்டும். நீளம் உங்கள் முன்னெச்சரிக்கையைக் காட்டட்டும்.