ஒரே சில்லு, பல பெயர்கள்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் சாலையில் இருக்கிறது ஒரகடம். அங்கே 2010-ஆம் ஆண்டில் ரெனோ, நிஸான் ஆகிய இரு நிறுவனங்கள் கூட்டாக ஒரு கார்த் தொழிற்சாலையைத் தொடங்கின. 2012-இல் அங்கிருந்து ரெனோவின் பெயரில் ‘டஸ்டர்’ வெளிவந்தது; 2013-இல் நிஸானின் பெயரில் ‘டெரானோ’ வந்தது. முகப்பு வேறு, விளக்குகள் வேறு, விலையும் வேறு. ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரே எஞ்சின்தான்! வாங்கப் போகிறவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கணிப்பொறியில் விளையாட விரும்பும் மாணவர்களுக்கும் இதே கேள்வி எழுகிறது. விளையாட்டுக் காட்சிகளைத் திரையில் தீட்டித் தருவது கிராபிக்ஸ் கார்டு. அதை வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், ஒரே எண் பொறித்த கார்டு ஆசுஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், ஜோட்டாக் எனப் பல பெயர்களில் இருக்கும். விலையோ ஆயிரக்கணக்கில் வேறுபடும். வீட்டில் சிரமப்பட்டுச் சேர்த்த பணம் அல்லவா? அந்தக் கூடுதல் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

சில்லு ஒருவருடையது, கார்டு பலருடையது

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆர்.டி.எக்ஸ். 4060’ கார்டை எடுத்துக்கொள்வோம். இதன் சில்லை வடிவமைத்தது அமெரிக்காவின் என்விடியா. உருவாக்கியது தைவானின் டி.எஸ்.எம்.சி. சில்லின் பரப்பு 159 சதுர மில்லிமீட்டர். அதாவது, புதிய ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி! அதற்குள் சுமார் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள்.

இந்தச் சில்லை மற்றக் கம்பெனிகள் வாங்கி, பலகையில் பொருத்தி, நினைவகமும் மின்சுற்றும் சேர்த்து, மேலே உலோகத் தகடுகளும் விசிறியும் அமைத்துத் தம் பெயரில் விற்கின்றன. கணக்கிடும் ‘மூளை’ எல்லாவற்றிலும் ஒன்றே.

வேகம் எவ்வளவு கூடும்?

இச்சில்லுக்கு என்விடியா குறித்த உச்ச வேகம் 2,460 மெகாஹெர்ட்ஸ். ஒரு பெட்டியில் 2,550 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. சாதாரணக் கார்டு வினாடிக்கு 60 படங்கள் தீட்டினால், இது மிஞ்சிப்போனால் 62 தீட்டும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் மலிவானதையே வாங்கிவிடலாமா? சற்றுப் பொறுங்கள்!

வெப்பம் எங்கே போகும்?

இந்தக் கார்டு முழுமூச்சாக வேலை செய்யும்போது ஏறத்தாழ 115 வாட் மின்சாரத்தை இழுக்கிறது. அது அனைத்தும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சூடுபட்டவர்களுக்கு இதன் கடுமை புரியும்.

ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பாருங்கள். வரிவரியாக உலோகச் செதில்கள் இருக்கும். காற்றுப்படும் பரப்பு கூடினால் வெப்பம் விரைவில் வெளியேறும் என்பதே அதன் தத்துவம். கிராபிக்ஸ் கார்டிலும் இதே செதில்கள்தாம். சில்லின் சூட்டைச் செதில்களுக்குக் கொண்டுசேர்க்கச் செப்புக் குழாய்கள் உண்டு. குழாயினுள் இருக்கும் சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகும். செதில்களும் விசிறிகளும் பெரியவையானால், விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும், இரைச்சலும் குறையும். கூடுதல் விலையில் நமக்குப் பயன்படும் பகுதி பெரும்பாலும் இதுதான்.

நம் ஊர் வெயில் கணக்கு

22 டிகிரி செல்சியஸ் உள்ள அறையில் சோதித்தபோது ஒரு கார்டு 70 டிகிரியை எட்டியது என்க. அறையைவிட 48 டிகிரி அதிகம். விசிறியின் வேகம் மாறாவிட்டால், மே மாதத்தில் 36 டிகிரியில் தகிக்கும் நம் வீட்டு அறையில் அது சுமார் 84 டிகிரிக்குப் போகும். அதே சோதனையில் 60 டிகிரியில் நின்ற வேறொரு கார்டு, நம் அறையில் 74-ஐத்தான் தொடும். அளவு மீறிச் சூடேறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே, சோதனை முடிவுகளைப் படிக்கும்போது அறையின் வெப்பநிலையைக் கழித்துப் பாருங்கள்.

115 வாட் கார்டுக்கு இரண்டு விசிறிகள் கொண்ட எளிய அமைப்பே பெரும்பாலும் போதும். 2022-இல் வந்த ‘ஆர்.டி.எக்ஸ். 4090’ போல 450 வாட் இழுப்பவற்றுக்கு நல்ல குளிர்விப்பு இன்றியமையாதது.

பெயரை நம்பாதீர்கள்

2016-இல் வந்த ‘ஜி.டி.எக்ஸ். 1060’ இருவகைப்பட்டது. 6 கிகாபைட் நினைவகம் கொண்டதில் 1,280 கணக்கீட்டு அலகுகள். 3 கிகாபைட் கொண்டதில் 1,152 மட்டுமே. பெயர் ஒன்று, திறன் வேறு! இத்தகைய வேறுபாடு கம்பெனியின் முத்திரையைவிட முக்கியமானது.

எனவே, முதலில் சில்லின் வகையையும் நினைவகத்தையும் பாருங்கள். அடுத்து, கார்டு உங்கள் கணிப்பொறிப் பெட்டிக்குள் அடங்குமா, மின்வழங்கி தாங்குமா என்று அளந்து பாருங்கள். பிறகு வெப்பம், இரைச்சல். அதன்பின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் கொடுக்க அருகில் சேவை மையம் உண்டா என்று விசாரியுங்கள். மினுக்கும் வண்ண விளக்குகள் கடைசி. அவை ஒரு படத்தைக்கூட விரைவாகத் தீட்டித் தருவதில்லை!