இறந்த பூனைகள் விட்டுச்சென்ற தடயம்

தெருவிலிருந்து மீட்கப்பட்டுக் காப்பகத்துக்கு வரும் பூனைக்குப் பிறந்த நாள் தெரியாது. தாய் யார் என்றும் தெரியாது. அது இறந்துபோனால், வளர்த்தவர்களின் மனத்தில் மட்டும்தான் அதற்கு இடம் இருக்கும். ஆனால், அப்படி இறந்த சில பூனைகளை அறிவியல் உலகம் இன்றும் மறக்கவில்லை. ஏன் தெரியுமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள பெட்டலுமா என்ற ஊரில், 1980களில் ஒரு பூனைக் காப்பிடம் இருந்தது. அங்கே பூனைகள் தனித்தனி அடைப்புகளில் வளர்ந்தன. ஒரு அடைப்பில் மட்டும் பூனைகள் ஒவ்வொன்றாக நோயுற்று இறந்தன. அந்தக் காலத்தில் எல்லாரும் முதலில் சந்தேகிப்பது பூனை ரத்தப்புற்றுக் கிருமியைத்தான். சோதித்துப் பார்த்தால், ஒரு பூனைக்கும் அது இல்லை!

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோரின் குழு, அந்தப் பூனைகளின் ரத்தத்தை ஆராய்ந்து புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தது. முடிவுகள் 1987இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தன.

இப்போது நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் காப்பிடத்தில் நோயுற்றிருந்த 25 பூனைகளில் 10 பூனைகளிடம் கிருமித்தொற்றின் அடையாளம் இருந்தது. அதாவது, 40 விழுக்காடு. நலமாக இருந்த 18 பூனைகளில் ஒன்றிடம் மட்டுமே இருந்தது. ஏறத்தாழ 6 விழுக்காடு. இது வலுவான தடயம்; ஆனால், முழுச் சான்று ஆகாது. நோயுற்ற மற்ற 15 பூனைகளிடம் அந்த அடையாளம் இல்லையே! அதனால் ஆய்வாளர்கள், தொற்றிய பூனைகளின் ரத்தத்தைக் குட்டிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சில வாரங்களில் குட்டிகளின் நிணநீர்க் கணுக்கள் வீங்கின, காய்ச்சல் கண்டது, வெள்ளை அணுக்கள் குறைந்தன. இந்தக் குட்டிகளையும் நாம் மறக்கக்கூடாது.

அந்தக் கிருமிதான் இன்று எஃப்ஐவி எனப்படுகிறது. மனிதர்களைத் தாக்கும் எச்ஐவியின் உறவுக் கிருமி இது. நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்லக் குறைக்கும். ஆனால், மனிதர்களுக்குத் தொற்றாது. பூனைகள் சண்டையில் ஆழமாகக் கடிக்கும்போது எச்சில் வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது. கருத்தடை செய்த ஆண் பூனைகள் குறைவாகச் சண்டையிடும் என்பதால், பரவலும் குறைகிறது.

முன்பெல்லாம் 'தொற்று உண்டு' என்ற முடிவு வந்தாலே பூனையைக் கருணைக்கொலை செய்த இடங்கள் பல. அந்த ஒரு காரணத்துக்காக உயிரை எடுக்கக்கூடாது என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. தொற்றிய பூனைகள் பலவும் நல்ல பராமரிப்பில் பல ஆண்டுகள் வாழ்கின்றன. குட்டிகளின் சோதனை முடிவை உடனே நம்பிவிடவும் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே 'தொற்று உண்டு' எனக் காட்டிவிடலாம். எனவே, ஆறு மாதம் கடந்தபின் மீண்டும் சோதிக்கவேண்டும்.

சிங்கப்பூரின் வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். காப்பகப் பூனையை வீட்டுக்கு அழைத்துவர நினைக்கிறீர்களா? அதன் சோதனை முடிவைக் கேளுங்கள். 'எஃப்ஐவி' என்றதும் பின்வாங்காதீர்கள். காப்பகத்தில் தொண்டு செய்கிறீர்களா? ஒரு பூனை இறந்தால், அதன் பெயர், வந்த நாள், இருந்த அடைப்பு, கண்ட நோய்க்குறிகள், இறந்த நாள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பக்கத்து அடைப்பில் உயிரோடு இருக்கும் பூனைக்கு அந்தக் குறிப்பு உதவலாம்.