கேம்லகூட டயர் தேயுமா? ஆன்லைன் கார் ரேஸில் ஜெயிக்க வைக்கும் பொறுமைக் கணக்கு

பெல்ஜியத்தின் ஸ்பா டிராக். ஒரு மணி நேர ரேஸில் இன்னும் 10 நிமிடம்தான் பாக்கி. ஆரம்பத்தில் பறந்துபோய் 6 வினாடி முன்னிலை எடுத்த கார், இப்போது வளைவுக்கு வளைவு வெளியே வழுக்குகிறது. 6 வினாடி 2 ஆகச் சுருங்கிவிட்டது. இதுவரை சத்தமில்லாமல் பின்னால் வந்துகொண்டிருந்த கார், லேப்புக்கு ஒரு வினாடி வீதம் நெருங்குகிறது. முன்னால் இருப்பவர் ஸ்பாவில் இல்லை. ஆபீஸ் முடிந்து வந்து, மேஜையில் பொருத்திய ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆனால், அவருடைய டயர் காலி.

‘கேம்தானே, டயர் எதுக்குத் தேயணும்?’ என்று கேட்கலாம். ஐரேஸிங், அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்சியோனே, ஆர்ஃபேக்டர் 2 போன்ற சிமுலேட்டர்களில் காரைவிடக் கஷ்டப்பட்டு உருவாக்கப்படும் விஷயமே டயர்தான். ரப்பரின் வெப்பம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என எல்லாவற்றையும் மென்பொருள் நொடிக்கு நொடி கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். 2020-ல் கொரோனாவால் லெ மான் 24 மணி நேரப் போட்டி ஜூனிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனபோது, அந்த ஜூன் வார இறுதியில் ஆர்ஃபேக்டர் 2-ல் ஆன்லைன் லெ மான் நடந்தது. 50 கார்கள், 200 ஓட்டுநர்கள். நிஜ ரேஸ் வீரர்களும் சிம் வீரர்களும் ஒரே அணியில் மாறி மாறி ஓட்டினார்கள். எப்போது பிட்டுக்கு வருவது, டயரை மாற்றுவதா வேண்டாமா என்ற தலைவலி நிஜப் போட்டியில் இருப்பதேதான்.

டயரைக் கொல்வது வேகம் அல்ல

நேர்ச் சாலையில் 250 கி.மீ. வேகத்தில் போவது டயரைப் பெரிதாகப் பாதிக்காது. வழுக்கல்தான் பாதிக்கும். புதிதாக வருபவர்கள் செய்யும் பொதுவான தவறு இது: வளைவில் கார் திரும்ப மறுத்தால், ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பார்கள். முன் டயர் ஒரு குறிப்பிட்ட கோணம் வரைதான் பிடிக்கும். அதைத் தாண்டினால் உருளாமல் தரையில் உரசிக்கொண்டே போகும். உரசினால் சூடு, சூடு ஏறினால் பிடிமானம் போகும், பிடிமானம் போனால் மறுபடியும் ஒடிக்கத் தோன்றும். ஸ்பாவின் பூஹோன் போன்ற நீண்ட இடது வளைவில் காரின் எடை வலப்பக்கம் சாய்வதால், வலது முன் டயர்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாக நுழைந்தாலே போதும், லேப்புக்கு 0.2 வினாடி போகும், ஆனால் கடைசி 10 நிமிடத்துக்கு டயர் மிஞ்சும்.

நிஜக் காரில் இதை உடம்பு சொல்லிவிடும். பின்பக்கம் நழுவினால் இடுப்பில் தெரியும். வீட்டில் நாற்காலி அசையாது. கையில் வரும் ஸ்டீயரிங் கனமும் காதில் கேட்கும் டயர் சத்தமும்தான் துணை. லேசான முனகல் என்றால் சரி. கிரீச்சிட்டால் ரப்பரை எரிக்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால்தான் அனுபவசாலிகள் ஹெட்போனில் என்ஜின் சத்தத்தைக் குறைத்து டயர் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள்.

காற்றழுத்தமும் முக்கியம். அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்சியோனேயின் ஜிடி3 கார்களுக்கு, உலர்ந்த டிராக்கில் டயர் சூடான பிறகு சுமார் 27 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். பிட்டில் நிற்கும்போது அல்ல, ஓடிச் சூடான பிறகு. பைக்குக்குக் காற்று பிடிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல: டயர் சூடானால் பிரஷர் ஏறும். மாலையில் தொடங்கும் ரேஸில் வெயில் இறங்க இறங்க பிரஷரும் இறங்கும். பிற்பகலில் சரியாக இருந்த எண், இரவு ஸ்டிண்டில் குறைவாகப் போய்விடும்.

இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. ரேஸ் தொடங்கும்போது டேங்க் நிறைய எரிபொருள்; கார் கனம். எரிபொருள் தீரத் தீர கார் லேசாகி வேகம் கூடும். அதே நேரம் டயர் தேய்ந்து வேகம் குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் லேப் நேரம் மாறாமலே இருக்கும். ‘டயர் நல்லாத்தான் இருக்கு’ என்று ஏமாந்து போவது இங்கேதான்.

பிட்டுக்கு எப்போது வர வேண்டும்?

இங்கே கூட்டல் கழித்தல்தான். எரிபொருளுக்காக எப்படியும் நிற்க வேண்டும். டயரையும் மாற்றினால் கூடுதலாக 15 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். புது டயர் சராசரியாக லேப்புக்கு 0.7 வினாடி லாபம் தரும் என்றால், 20 லேப் பாக்கி இருக்கும்போது கிடைப்பது 14 வினாடி. மாற்றுவது நஷ்டம். 30 லேப் பாக்கி என்றால் 21 வினாடி. கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

எதிராளியை டிராக்கில் முந்த முடியாதபோது ‘அண்டர்கட்’ கைகொடுக்கும். அவர் 1.5 வினாடி முன்னால் இருக்கிறார். நீங்கள் ஒரு லேப் முன்னதாகவே பிட்டுக்குப் போய்ப் புது டயரில் வருகிறீர்கள். அவர் தேய்ந்த டயரில் ஓட்டும் அந்த ஒரு லேப்பில் நீங்கள் 2 வினாடி வேகமாக ஓட்டினால், அவர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் அரை வினாடி முன்னால். கேட்க எளிது. ஆனால், புது டயர் சில்லென்று இருக்கும் கார்களில், முதல் சில வளைவுகளில் பிடிமானமே இருக்காது. அவசரத்தில் அங்கே சுழன்று நிற்பவர்கள் ஏராளம். முன்னால் போகும் மெதுவான கார் கூட்டத்துக்கு நடுவே போய்ச் சிக்கினாலும் திட்டம் அம்போ.

தோற்றால் என்ன, கேம்தானே என்றும் விட முடியாது. ஐரேஸிங்கில் டிராக்கைவிட்டு வெளியே போனால் 1 புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் 2, இன்னொரு கார்மீது பலமாக மோதினால் 4 எனத் தவறுகள் கணக்கில் ஏறும். அவை கூடினால் பாதுகாப்பு மதிப்பீடு இறங்கும். தொடர்ந்து இறங்கினால் பெரிய ரேஸ்களுக்கான லைசென்ஸே கைவிட்டுப் போகும். தேய்ந்த டயரில் கடைசி லேப்களில் இடத்தைக் காப்பாற்ற முரட்டுத்தனமாக மோதுவதில், ஒரு மாதம் சேர்த்தது ஒரே இரவில் கரையும்.

எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் தோற்கலாம். 2023 ஜனவரியில் நடந்த ஆன்லைன் லெ மானில், மேக்ஸ் வெர்ஸ்டாப்பென்னின் அணி முன்னிலையில் இருந்தபோது காரின் இணைப்பு துண்டித்துப்போனது. திரும்பி வருவதற்குள் பல இடங்கள் பறிபோயின. கோபத்தில் அவர் போட்டியிலிருந்தே விலகினார். ஃபார்முலா 1 சாம்பியனுக்கே இந்தக் கதி. ரேஸ் நாளில் வீட்டில் வேறு யாரும் பெரிய ஃபைல் டவுன்லோடு போடாமல் பார்த்துக்கொள்வதும் வியூகத்தில் சேர்த்திதான்.

பயிற்சியில் எல்லோரும் தேடுவது ஒற்றை வேக லேப்பை. முழு டேங்கோடு, நிறுத்தாமல் 20 லேப் ஓட்டி, ஒவ்வொரு லேப் நேரத்தையும் எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு. 5-வது லேப்புக்கும் 20-வது லேப்புக்கும் எத்தனை வினாடி வித்தியாசம், அது எந்த வளைவில் போகிறது, டேங்க் எத்தனை லேப்புக்குத் தாங்குகிறது என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். ரேஸ் இரவில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைக்க வேண்டியதும் அந்தத் தாள்தான்.