டெத் மேக்னடிக் பதிப்புகளின் ஒலித்தரம்

டெத் மேக்னடிக் என்பது அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் ஒன்பதாவது இசைத்தொகுப்பு ஆகும். ரிக் ரூபின் தயாரித்த இத்தொகுப்பு 2008 செப்டம்பர் 12 அன்று வெளியானது. ஒரே இசைத்தொகுப்பின் வெவ்வேறு பதிப்புகள் ஒலித்தரத்தில் எந்த அளவுக்கு வேறுபடக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

ஒலிப்பதிவு ஒன்றின் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையேயுள்ள வேறுபாடு இயங்கு வீச்சு எனப்படும். இது டெசிபெல் அலகில் அளக்கப்படுகிறது. 16 பிட் குறுந்தகட்டில் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சு கிடைக்கும். எனினும், குறுந்தகட்டில் பதியக்கூடிய ஒலிக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. பாடல் முழுவதும் உரத்து ஒலிக்க வேண்டுமெனில், முதலில் உச்ச ஒலிகளை அமுக்கிப் பின்னர் அனைத்தையும் சேர்த்து உயர்த்துவர். இது அளவு மீறும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கிறது. பிற பாடல்களைவிடத் தம் பாடல் உரத்து ஒலிக்க வேண்டும் என்று 1990களில் வலுப்பெற்ற இப்போட்டி "உரப்புப் போர்" என அழைக்கப்படுகிறது.

சர்ச்சை

இத்தொகுப்பின் பாடல்கள் கிட்டார் ஹீரோ III என்னும் நிகழ்பட ஆட்டத்துக்காகவும் வெளியிடப்பட்டன. ஆட்டத்தில் வந்த பாடல்களில் முகடுகள் பெரிதும் வெட்டப்படாமல் இருப்பதையும், முரசொலி தெளிவாகக் கேட்பதையும் இரசிகர்கள் கண்டறிந்தனர். குறுந்தகட்டை மறுபடியும் செம்மைப்படுத்தி வெளியிடக் கோரிய மனுவில் 10,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டனர். இறுதிச் செம்மையாக்கம் செய்த டெட் ஜென்சன், கலவைகள் தம்மிடம் வருமுன்னரே மிகையாக இறுக்கப்பட்டிருந்தன என்று தெரிவித்தார். குழுவின் முரசுக் கலைஞர் லார்ஸ் உல்ரிக் இத்தொகுப்பின் ஒலி தமக்கு நிறைவளிப்பதாகவே கூறினார். கூடுதல் இயங்கு வீச்சுடைய பதிப்பு ஒன்று 2015இல் ஐடியூன்ஸ் கடையில் வெளியானது.

இசைத்தட்டுப் பதிப்பு

இசைத்தட்டு எப்போதும் குறுந்தகட்டைவிட மேலானது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால் மூலப் பதிவிலேயே முகடுகள் வெட்டுண்டிருந்தால், அதே மூலத்திலிருந்து அச்சிடப்படும் இசைத்தட்டால் இழந்ததை மீட்க இயலாது. இசைத்தட்டை இயக்கி அளக்கும்போது கருவிகள் கூடுதல் வீச்சைக் காட்டுவதுண்டு. தட்டை வெட்டும்போதும் இயக்கும்போதும் அலையின் வடிவம் மாறுவதே இதற்குக் காரணம். கரகரப்பு அப்படியே இருக்கும். எனவே பதிப்பின் வடிவத்தைவிட, அது எந்த மூலத்திலிருந்து உருவாக்கப்பட்டது என்பதே முதன்மையானது.

ஒப்பிடும் முறை

இரு பதிப்புகளை ஒப்பிடும்போது முதலில் இரண்டின் உரப்பையும் சமமாக்க வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே நல்லது எனக் காது எளிதில் ஏமாறும். உரப்பு கூடும்போது தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் நிறைவாகக் கேட்பதே இதன் காரணமாகும். எந்தப் பதிப்பு ஒலிக்கிறது என்பதை அறியாமல் கேட்பதும் நன்று. "தி டே தட் நெவர் கம்ஸ்" போல மெல்லத் தொடங்கி வேகமாக முடியும் பாடல்கள் இவ்வொப்பீட்டுக்குப் பொருத்தமானவை. இன்று இணைய இசைச் சேவைகள் பல, பாடல்களின் உரப்பைத் தாமே சமப்படுத்துகின்றன. இதனால் மிகை இறுக்கத்தால் கிடைத்த ஆதாயம் பெரிதும் மறைந்து, அதன் குறை மட்டுமே எஞ்சுகிறது.

இந்தியாவில்

மெட்டாலிக்கா இந்தியாவில் முதன்முறையாக 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனைத் திடலில் இசைத்தது. தமிழக எல்லையிலுள்ள ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதற்கு இரு நாட்களுக்கு முன் குர்கானில் நடைபெறவிருந்த நிகழ்ச்சி கைவிடப்பட்டதால், அச்சுற்றில் இந்திய இரசிகர்களுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பாக இது அமைந்தது குறிப்பிடத்தக்கது.