பாலத்தில் நின்ற ஆம்புலன்ஸ்

முதல் வகுப்பில் "ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?" என்று கேட்பேன். வருடா வருடம் ஒரே பதில்தான் வரும்: "யூசருக்கும் ஹார்டுவேருக்கும் நடுவில் இருக்கும் இன்டர்ஃபேஸ், மேம்." இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். அதே பிள்ளையிடம், "உன் போனில் பாட்டு ஓடுகிறது, அப்போதே மெசேஜும் வருகிறது, பின்னால் ஏதோ டவுன்லோடும் ஆகிறது. யாருக்கு எப்போது இடம் கொடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். என் பாடம் அந்த அமைதியிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த நாளே லேபுக்கு அழைத்துப் போவேன். லினக்ஸ் கணினியைப் போட்டுவிட்டு, எதையும் திறக்காமல் 'டாப்' என்று மட்டும் அடிக்கச் சொல்வேன். திரையில் பெரிய பட்டியல் ஒன்று வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு புராசஸ். நாம் ஒன்றுமே திறக்காதபோதும் எண்ணிக்கை நூறைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து வியப்பார்கள். நான் வேறொரு இடத்தைக் காட்டுவேன். ஒவ்வொரு புராசஸுக்கும் எதிரே அதன் நிலையை ஓர் எழுத்தில் குறித்திருக்கும். பெரும்பாலானவற்றுக்கு அது 'எஸ்': ஸ்லீப்பிங், உறக்கம். ஒன்று கீபோர்டில் யாராவது தட்டுவார்களா என்று காத்திருக்கிறது. இன்னொன்று நெட்வொர்க்கில் ஏதாவது வருமா என்று காத்திருக்கிறது. வேறொன்றுக்கு அலாரம் அடிக்க வேண்டும். காத்திருப்பவர்களுக்கு இடையில் முறை வைப்பதுதான் ஓ.எஸ்.ஸின் முதல் வேலை என்று அங்கே நின்றுகொண்டு சொன்னால் புரிகிறது. போர்டில் எழுதிப் போட்டால் புரிவதில்லை.

பிராசஸரின் ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். அதைச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாகப் பகிர்ந்து கொடுப்பது ஷெட்யூலர். ஒரு டைமர் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஓ.எஸ். கண் விழித்து, "அடுத்தது யார்?" என்று பார்க்கும். போகிறவரின் கணக்கு வழக்கை எடுத்து வைத்துவிட்டு, வருகிறவரின் கணக்கை எடுத்துப் பரப்பும். இது மில்லிவிநாடிகளில் நடந்து முடிவதால் நமக்கு எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தெரிகிறது. மெமரியிலும் இதே கதைதான்: ஒவ்வொரு புராசஸும் மெமரி முழுவதும் தனக்கே சொந்தம் என்று நம்பும்படி ஓ.எஸ். ஏற்பாடு செய்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

முறை வைப்பதில் இரண்டு விதிகள் உண்டு. அவசரமான வேலைக்கு முன்னுரிமை என்பது முதல் விதி, இதுதான் பிரயாரிட்டி. பொதுப்பொருளை ஒருவர் எடுத்திருக்கும்போது இன்னொருவர் தொடக்கூடாது என்பது இரண்டாவது. இதற்குத்தான் லாக், பாடப்புத்தகத்தில் மியூட்டெக்ஸ். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமானவை. சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தில்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

குறுகலான பாலம். ஒரு வண்டிதான் போகலாம். பாலம் முடிகிற இடத்தில் மெயின் ரோடு, அங்கே ஒரு கான்ஸ்டபிள். அன்று கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாலத்தின் முனையில் நின்று மெயின் ரோட்டில் ஏறக் காத்திருந்தது. கான்ஸ்டபிள் பஸ்களை விட்டுக்கொண்டே இருந்தார். பஸ் முந்தி, டிராக்டர் பிந்தி, சரிதானே? டிராக்டருக்குப் பின்னால், பாலத்தின் மேல், ஒரு 108 ஆம்புலன்ஸ். கரும்புக் கட்டு மறைத்ததில் அவருக்கு அது தெரியவில்லை. எல்லாருக்கும் முந்திப் போக வேண்டிய வண்டி எல்லாருக்கும் பிந்தி நின்றது. ஆம்புலன்ஸை நிறுத்தியவை பஸ்கள். அவற்றுக்கோ அந்தப் பாலமே தேவையில்லை.

இதற்கு ஓ.எஸ். பாடத்தில் 'பிரயாரிட்டி இன்வெர்ஷன்' என்று பெயர். முன்னுரிமை தலைகீழாவது. இது நம் பூமியிலிருந்து கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நடந்ததும் உண்டு.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் காற்றுப்பைகளுக்குள் பொதிந்தபடி செவ்வாயில் விழுந்து, பந்துபோல் பலமுறை துள்ளி, ஏரிஸ் வாலிஸ் என்ற பகுதியில் நின்றது. அதிலிருந்து சோஜர்னர் என்ற பத்தரைக் கிலோ வண்டி தரையில் இறங்கி ஓடியது. உலகமே படங்களைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, சில நாட்களில், தாய்க்கலத்தின் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

அந்தக் கணினியில் இருந்தது ஒரே பிராசஸர். அதில் ஓடியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்ற ஓ.எஸ். கருவிகளுக்கிடையே தகவல் போய்வரும் பஸ் ஒன்று இருந்தது (நம் ஊர் பஸ் அல்ல, கணினிக்குள் இருக்கும் தகவல் பாதை). அதில் வருவதைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு உயர்ந்த பிரயாரிட்டி. இதுதான் ஆம்புலன்ஸ். வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலைக்குத் தாழ்ந்த பிரயாரிட்டி. இது கரும்பு டிராக்டர். நடுவில் பூமியோடு பேசுவது போன்ற நீண்ட வேலைகள், பஸ்களைப் போல. டிராக்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் பொதுவாக ஒரு லாக் இருந்தது, அதுதான் பாலம். வானிலை வேலை லாக்கைப் பிடித்திருந்த நேரம் பார்த்து நடு வேலை ஒன்று வந்து பிராசஸரை எடுத்துக்கொண்டது. வானிலை வேலை அப்படியே நின்றது. லாக் விடுபடவில்லை. உயர்ந்த வேலையும் நின்றது.

விநாடிக்கு எட்டு முறை சுற்றி வரும் ஒரு காவல் வேலையும் அங்கே இருந்தது. முந்தின சுற்றில் பிரித்துக் கொடுக்கும் வேலை முடிந்ததா என்று அது பார்க்கும். முடியவில்லை என்றால் ஏதோ பெரிய கோளாறு என்று எண்ணி ரீசெட் செய்யும். ஷெட்யூலர் தன் விதிப்படி நடந்தது. லாக்கும் தன் விதிப்படி நடந்தது. காவல் வேலையும் அப்படியே. யாரும் விதியை மீறவில்லை, ஆனாலும் கலம் தடுமாறியது. இந்த இடத்தை நான் வகுப்பில் அவசரப்படுத்துவதே இல்லை.

கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி பொறியாளர்கள், பூமியில் வைத்திருந்த அதே மாதிரியான இரட்டைக் கணினியில் அதே வேலைகளை ஓட்டி, ஒவ்வொரு வேலையும் எப்போது மாறுகிறது என்ற பதிவையும் எடுத்துக்கொண்டே காத்திருந்தார்கள். கோளாறு அங்கேயும் வந்தது. பதிவைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஏவுவதற்கு முன் நடந்த சோதனைகளிலும் இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கிறது. திரும்ப வரவழைத்துப் பார்க்க முயன்றபோது வரவில்லை. என் மாணவர்கள் "ஒருமுறைதான் ஹேங் ஆச்சு மேம், அப்புறம் சரியாயிடுச்சு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

தீர்வு அந்த ஓ.எஸ்.ஸுக்குள்ளேயே இருந்தது. லாக்கை உருவாக்கும்போது 'பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்' வேண்டுமா வேண்டாமா என்று ஓர் அமைப்பு உண்டு. அது வேண்டாம் என்று வைக்கப்பட்டிருந்தது. வேண்டும் என்று மாற்றி, செவ்வாய்க்கு அனுப்பினார்கள். நம் பாலத்தில் சொன்னால், ஆம்புலன்ஸ் பின்னால் வந்து நின்ற அந்தக் கணத்திலிருந்து கரும்பு டிராக்டரையே கான்ஸ்டபிள் ஆம்புலன்ஸாக நடத்த வேண்டும். பஸ்களை நிறுத்தி அதை விட வேண்டும். பாலத்தை விட்டு இறங்கியதும் அது மறுபடி டிராக்டர்தான். அதன் பிறகு ரீசெட் வரவில்லை.

இந்த முறையைக் கணக்குப்போட்டு நிரூபித்த கட்டுரை 1990இல் ஐ.இ.இ.இ.யின் கணினி ஆய்விதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் விளைந்த ஆய்வு அது. ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர். இதை நான் சொல்லும்போது கடைசி பெஞ்சில் சில தலைகள் நிமிரும். நிமிரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

1997 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ரியல் டைம் கணினி அமைப்புகள் பற்றிய மாநாடு நடந்தது. விண்ட் ரிவர் நிறுவனத்தின் டேவிட் வில்னர் பாத்ஃபைண்டர் கதையைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் கேட்ட ஓர் ஆய்வுக்கட்டுரைதான் உண்மையில் உதவியது, அதை எழுதியவர்கள் யாரென்று நினைவில்லை என்றார். அந்த மூவரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் மாநாட்டுத் தலைவர் சொல்ல, எழுந்து நின்றார்கள்.

இந்தக் கதைக்குப் பிறகு மாணவர்களிடம் ஒரு லேப் வேலை கொடுப்பேன். மூன்று த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்), மூன்று பிரயாரிட்டி, ஒரு லாக். நடு த்ரெட் ஐந்து விநாடி வெறுமனே சுற்ற வேண்டும். முதலில் யாருக்கும் கோளாறே வராது. "கதை பொய்யா மேம்?" என்பார்கள். கணினியில் நாலு கோர் இருக்கிறது, டிராக்டருக்குத் தனி ரோடு கிடைத்துவிட்டது என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்க விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் ஒரே கோரில் கட்டிப்போட்ட பிறகு, உயர்ந்த த்ரெட் ஐந்து விநாடிக்கு மேல் நிற்கும். இன்ஹெரிட்டன்ஸைப் போட்டதும் கண் இமைப்பதற்குள் ஓடும்.

போன வருடம் ஒரு பெண் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "லினக்ஸிலயும் இது சும்மா இருந்தா ஆஃப்லதான் இருக்கு. ஏன் மேம், எல்லா லாக்குக்கும் ஆன்லயே வச்சிருக்கலாமே?"

யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளவும் பிராசஸர் நேரம் செலவாகும் என்றேன். எவ்வளவு செலவாகும் என்று கேட்டாள். அளந்து பார் என்றேன். பெல் அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை.